நாச்சியின் ஒடிந்த சிறகு

கோடையில் பாதியாகச் சுருங்கிப்போன ஏரி அது. தண்ணீர் பின்வாங்கிய இடமெல்லாம் கூழாங்கல் பரவிக் கிடந்தது. அந்தக் கல்பரப்பில் ஆள்காட்டிப் பறவைகள் குடும்பம் குடும்பமாக முட்டையிட்டிருந்தன.

ஆள்காட்டிகள் மரத்தில் கூடு கட்டுவதில்லை. மண்ணை மார்பால் அழுத்திக் குழிசெய்து, பொடிக்கற்களை ஓரமாகத் தள்ளி, அதில் முட்டையிட்டுவிடும். முட்டையும் கல்லின் நிறம்தான். கதவு இல்லை, கூரை இல்லை. அந்தக் குலத்துக்குக் காவல்தான் வீடு.

ஆடு வந்தால் கவலை இல்லை. சிறகை விரித்துக்கொண்டு அதன் முகத்துக்கு நேரே பாய்ந்தால் போதும், விலகிப் போய்விடும். நாய், நரி வந்தால் குடும்பங்கள் ஒன்றையொன்று கூப்பிட்டுக்கொள்ளும். ஏழெட்டுப் பறவைகள் சேர்ந்து தலைக்கு மேலே விழுந்து விழுந்து கத்தும். எந்த நரியும் அந்தக் கூச்சலைத் தாங்காமல் காதை மடக்கிக்கொண்டு ஓடும்.

நாச்சியின் குடும்பம் மட்டும் யாரையும் கூப்பிட்டதில்லை. நாச்சிக்கு ஒரு வித்தை தெரியும்.

நரியைக் கண்டதும் அவள் கூட்டைவிட்டு ஓசையில்லாமல் நகர்வாள். கொஞ்ச தூரம் போனபின் இடச்சிறகைத் தரையில் தேய்ப்பாள். தத்துவாள், விழுவாள், ஏரிக்கரை முழுவதும் கேட்கும்படி கதறுவாள். சிறகு ஒடிந்த பறவை, சிரமமில்லாத இரை என்று நரி பின்னால் வரும். முட்டைகளை வெகுதூரம் தாண்டிய பிறகு, நரியின் மூச்சு வாலில் படும் நேரத்தில், ஜிவ்வென்று மேலே எழுந்துவிடுவாள். மற்ற ஆள்காட்டிகளும் இதைச் செய்வதுண்டு. ஆனால் நாச்சி விழுவதைப் பார்த்தால் அவள் பெற்ற பிள்ளைகளுக்கே ஒரு கணம் நெஞ்சு அடைத்துவிடும்.

அவள் வைத்த விதி ஒன்று இருந்தது. அவள் நடிக்கும்போது யாரும் குறுக்கே வரக் கூடாது. வந்தால் விலங்கின் கவனம் கலைந்துவிடும். எல்லோரும் தட்டைப் பாறையில் போய் நின்று, மூச்சுக் காட்டாமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

நடிப்பு முடிந்து அவள் பாறைக்கு வந்ததும் பிள்ளைகள் சூழ்ந்துகொள்வார்கள். அந்த இடத்தில் விழுந்தாயே, அது எப்படி என்று கேட்பார்கள். நரி ஏமாந்து நின்றதைச் செய்து காட்டிச் சிரிப்பார்கள். நாச்சிக்கு அது பிடித்திருந்தது. போன மழைக்காலத்தில் அவள் துணையை வல்லூறு கொண்டுபோய்விட்டது. பிள்ளைகள் வளர்ந்து, தனித்தனியே இணை சேர்ந்து, தங்கள் பாட்டைப் பார்க்கப் போய்விட்டார்கள். எல்லோரும் அவளைச் சுற்றி நிற்பது அந்த ஒரு வேளை மட்டும்தான்.

இந்தக் கோடையில் மூத்தவள் பொன்னாள் இந்தக் கரையில் முட்டையிட்டிருந்தாள். இளையவன் செங்கானும் அவன் மனைவியும் எதிர்க்கரையில் இடம் பார்த்திருந்தார்கள். நாச்சி பாதி நாள் இங்கே, பாதி நாள் அங்கே என்று பறந்துகொண்டிருந்தாள். இரண்டு வீட்டிலும் அவளுக்கு வேலை இருந்தது.

ஒருநாள் முற்பகலில் ஆட்டு மந்தையோடு ஒரு நாய் வந்தது. இளம் நாய். மோப்பம் பிடித்துக்கொண்டு நேராகப் பொன்னாளின் முட்டைகளை நோக்கி நடந்தது. பொன்னாளும் அவள் கணவனும் வழக்கம்போலப் பாறைக்குப் போய்விட்டார்கள். நாச்சி இடச்சிறகைத் தேய்த்துக்கொண்டு கதறினாள். நாய் துள்ளி வந்தது. கருவேலம் புதர் வரை அதை இழுத்துப் போனாள். எல்லாம் சரியாகத்தான் நடந்தது.

எழ வேண்டிய கணம் வந்தது. எழு என்று மனம் சொன்னது. உடம்பு அதைக் கேட்டு முடிப்பதற்குள் நாயின் பல் வலச்சிறகில் இறங்கிவிட்டது.

எலும்பு நொறுங்கிய சத்தம் அவளுக்கு உள்ளே கேட்டது. உதறிக்கொண்டு முள்ளுக்குள் புகுந்தாள். நாய் மூக்கை நீட்டி, முள் குத்தி, பின்வாங்கியது. தூரத்தில் ஆட்டுக்காரன் சீழ்க்கை அடித்தான். நாய் ஓடிப்போய்விட்டது.

புதரின் இருட்டில் நாச்சி உட்கார்ந்திருந்தாள். கத்த வாய் வரவில்லை. நடிக்கும்போது அவ்வளவு கூச்சல் போட்டவளுக்கு, உண்மையில் வலித்தபோது தொண்டையில் காற்றுகூட இல்லை. வலி இவ்வளவு சத்தமில்லாததா என்று அவளுக்கே வியப்பாக இருந்தது.

பொன்னாளும் மருமகனும் புதரடிக்கு வந்தார்கள். மருமகன் வாய் ஓயாமல் பேசினான். "அத்தை, இன்னைக்கு நீங்க எழும்பினதே தெரியலை. நாய் கவ்விடுச்சின்னே நினைச்சேன். அப்படியே புதருக்குள்ள மறைஞ்சீங்களே, இது புதுசு!"

நாச்சி வாயைத் திறந்தாள். உண்மையைச் சொல்லத்தான் திறந்தாள்.

அதற்குள் பொன்னாள் அருகில் வந்து தாயின் கழுத்தில் அலகைத் தேய்த்தாள். சின்ன வயதுக்குப் பிறகு அவள் அப்படிச் செய்ததில்லை. "நீ இருக்கிற தைரியத்துலதாம்மா இந்தத் தடவை முட்டையே வெச்சேன்" என்றாள். "இல்லேன்னா இந்த வெட்டவெளியில எனக்கு ஏது துணிச்சல்?"

நாச்சி வாயை மூடிக்கொண்டாள். மறுபடி திறந்தபோது வேறு சொல் வந்தது.

"புதுசாத்தான் செஞ்சு பார்த்தேன்" என்றாள்.

அவர்கள் சிரித்துக்கொண்டே போனார்கள். முட்டை சூடு ஆறிவிடும் என்று பொன்னாளுக்கு அவசரம். நாச்சி பின்னால் வருவதாகச் சொன்னாள். வெயில் சாய்ந்த பிறகுதான் அவளால் புதரைவிட்டு வெளியே வர முடிந்தது. நடந்து வந்தாள்.

இரண்டு நாளில் சரியாகிவிடும், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். சரியாகவில்லை. சிறகை உடம்போடு சேர்த்து மடக்க முடியவில்லை. நுனி மண்ணில் கோடு போட்டுக்கொண்டே வந்தது. புண்ணை யாரும் பார்த்துவிடக் கூடாது என்று எப்போதும் வலப்பக்கத்தைப் பாறைக்கோ புதருக்கோ காட்டிக்கொண்டு நின்றாள். ஈக்களை அலகால் விரட்டினாள். ஆள் இல்லாத நேரத்தில் நத்தை பொறுக்கித் தின்றாள்.

வெயில் ஏற ஏறப் புதிய வேலை சேர்ந்தது. உச்சி வெயிலில் கல்பரப்பு கொதிக்கும். முட்டை வெந்துபோகும். அந்த நேரத்தில் ஆள்காட்டிகள் தண்ணீருக்குப் போய் வயிற்று இறகை நனைத்துக்கொண்டு வந்து, முட்டையின் மேல் ஈரத்தோடு உட்காரும். மருமகன் இரை தேடப் போய்விடுவான். பொன்னாள் நிழலாக முட்டைமேல் நிற்பாள். ஈரம் கொண்டுவருவது நாச்சியின் வேலை. பறந்தால் நாலு சிறகடி தூரம். நடந்தால் வெகு தொலைவு. ஏரி தினமும் இன்னும் கொஞ்சம் பின்னால் போய்க்கொண்டிருந்தது.

ஈரத்தோடு புறப்படுவாள். வந்து சேரும்போது இறகு பாதி காய்ந்திருக்கும்.

"ஏம்மா இவ்வளவு நேரம்?" என்று பொன்னாள் கேட்டாள். "நடந்தா வர்றே?"

"வயசான காலத்துல நடக்கிறது நல்லதுடி. பறந்து பறந்து மூச்சு வாங்குது."

"நல்ல நேரம் பார்த்தே, நடை பழக. இங்க முட்டை வேகுது."

நாச்சி முட்டைமேல் உட்கார்ந்தாள். இருந்த ஈரத்தைக் கொடுத்தாள். பிறகு மறுபடியும் நடந்தாள்.

சிறகு தொங்குவதை அவர்கள் பார்க்காமல் இல்லை. பார்த்தார்கள். மருமகன்தான் முதலில் சிரித்தான். அத்தை ஒத்திகை பார்க்கிறார் என்றான். அந்தப் பேச்சு அக்கம்பக்கத்துக்கும் பரவியது. நாச்சி சிறகை இழுத்துக்கொண்டு நடக்கும்போதெல்லாம் பக்கத்துக் குடும்பத்துக் குஞ்சுகள் பின்னாலேயே சிறகைத் தேய்த்துக்கொண்டு வந்தன. நாச்சியும் சேர்ந்து சிரித்துவைத்தாள். சிரித்து முடித்தால்தான் அவை போகும்.

ஒரு காலையில் அவள் துணிந்தாள். மருமகன் இல்லாத நேரம். பொன்னாள் முட்டைகளை அலகால் புரட்டிக்கொண்டிருந்தாள். நாச்சி பக்கத்தில் போய் நின்று, சிறகு கொஞ்சம் சரியில்லை என்று ஆரம்பித்தாள்.

பொன்னாள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அம்மா, இந்த விளையாட்டெல்லாம் நரிகிட்ட வெச்சுக்கோ. எனக்கு உடம்பெல்லாம் எரியுது. ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. நீயும் படுத்தாதே."

சொல்லிவிட்டு அவளுக்கே ஒருமாதிரி ஆகிவிட்டது போலும். குஞ்சு பொரிக்கட்டும், பிறகு நாலு நாள் நீ ஒரு வேலையும் செய்ய வேண்டாம், நிழலில் உட்கார்ந்திரு என்று சமாதானமாகச் சொன்னாள். மகளின் கண்ணைச் சுற்றியிருந்த சிவப்பு வெளிறியிருப்பதை நாச்சி பார்த்தாள். தானும் இப்படி நாலு முட்டையோடு வெயிலில் வாடிய நாட்கள் அவளுக்கு நினைவு வந்தன. பாவம், இவளிடம் போய் என்னத்தைச் சொல்வது என்று திரும்பி நடந்தாள்.

செங்கான் வந்தது அதற்கு மறுநாள்.

பாறையில் வந்து இறங்கியபோதே அவன் முகம் சரியில்லை. அம்மா எதிர்க்கரைக்கு வந்து எத்தனை நாளாகிறது என்று கேட்டான். தன் மனைவி முட்டையிட்டதுகூட அம்மாவுக்குத் தெரியாது என்றான். அண்டங்காக்கை ஒன்று தினமும் வந்து வட்டமிடுகிறதாம். அம்மா ஒருமுறை வந்து நின்றால் போதுமாம்.

எதிர்க்கரைக்கு நடந்து போக முடியாது. நடுவில் தண்ணீர். ஏரியைச் சுற்றி நடக்க இந்தச் சிறகோடு அவளால் ஆகாது.

"வர்றேண்டா. இங்க பொரிக்கட்டும்" என்றாள்.

"ஏன், இப்ப என்கூட வந்து சாயங்காலம் திரும்பக் கூடாதா? நாலு சிறகடி தூரம்."

"வெயிலா இருக்குப்பா."

"வெயில்லதான் இங்க தண்ணிக்கும் முட்டைக்குமா அலையறியே. அது வெயில் இல்லையா?"

அவன் அவளுடைய தொங்கிய சிறகைப் பார்த்தான். அவன் பார்வை அங்கே நின்றபோது அவளுக்கு ஒரு கணம் நம்பிக்கை வந்தது. கேட்டுவிடுவான் என்று நினைத்தாள். கேட்டால் சொல்லிவிடலாம். அவளாக வாய்திறந்து சொல்ல வேண்டியதில்லை.

"எங்க வீட்டுக்குன்னா வர முடியாது. இங்க மட்டும் ஒத்திகை வேற" என்றான் செங்கான். "உனக்கு எப்பவும் அக்காதான்."

பறந்துவிட்டான். அவன் தண்ணீரைத் தாண்டி ஒரு புள்ளியாகி மறையும்வரை நாச்சி பார்த்துக்கொண்டிருந்தாள். இதில் பொன்னாளுக்கு ஒரு வருத்தமும் இல்லை. தம்பி எப்போதும் இப்படித்தான், பொறாமைக்காரன் என்று சொல்லிவிட்டு முட்டையைப் புரட்டப் போய்விட்டாள்.

அன்று மாலை முட்டைகளுக்குள்ளிருந்து கீச்சுச் சத்தம் கேட்டது. மறுநாள் விடிந்தபோது ஓடுகளில் விரிசல் விழுந்திருந்தது. பொன்னாள் பூரித்துப்போனாள். நாச்சியைக் கூப்பிட்டுக் காதை வைத்துக் கேட்கச் சொன்னாள். ஒரு முட்டையின் ஓட்டை உடைத்துக்கொண்டு அலகு நுனி ஒன்று வெளியே வந்து ஆடியது. நாச்சி அதைத் தன் அலகால் மெல்லத் தொட்டாள். வலி, வெயில், செங்கானின் கோபம் எல்லாம் கொஞ்ச நேரம் மறந்துபோனது. குஞ்சுகள் வெளியே வந்து இறகு காய்ந்தால் போதும், தாங்களே ஓடிப் பதுங்கிக்கொள்ளும். பிறகு இந்தக் காவல் தேவைப்படாது. பொன்னாளிடம் சொல்லிவிடலாம். சாயங்காலமே சொல்லிவிடலாம்.

அந்த நேரத்தில்தான் கிழநரி வந்தது.

அது அந்த ஏரிக்கரையிலேயே வாழ்ந்து மூத்த நரி. நாச்சியிடம் பல கோடைகள் ஏமாந்திருக்கிறது. ஏமாந்து ஏமாந்து அதற்கும் புத்தி வந்திருந்தது. தாய்ப்பறவை எந்தப் பக்கம் இழுக்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் தேட வேண்டும் என்று கற்றுக்கொண்டிருந்தது. முட்டைக்குள் கீச்சிடும் குஞ்சுகளின் மணம் காற்றில் வந்தது. நரி அவசரப்படாமல் மோந்துகொண்டே நடந்தது.

பொன்னாளும் கணவனும் விதிப்படி பாறைக்குப் போனார்கள். போகும்போது பொன்னாள், "அம்மா, தூரமா இழுத்துட்டுப் போயிடு" என்று மட்டும் சொன்னாள். அவள் குரலில் பயமே இல்லை.

நாச்சி நரியின் எதிரே நடந்து போனாள். சிறகைத் தேய்க்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. அது தானாகத் தேய்ந்தது. கதற வேண்டும் என்று வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை.

நரி ஒரு கண்ணால் அவளைப் பார்த்துவிட்டுத் தாண்டிப் போயிற்று. முட்டைகளுக்கு இன்னும் கொஞ்ச தூரம்தான் இருந்தது. அப்போது அது நின்றது. திரும்பியது.

"நாச்சி, இன்னைக்கு நீ கத்தலையே" என்றது.



நரி அவளைச் சுற்றி நடந்து வந்து பார்த்தது. "நடிக்கிறப்போ ஊரைக் கூட்டுவே. இடச்சிறகைத்தான் தேய்ப்பே. உன் பின்னால எத்தனை கோடை நடந்திருக்கேன், எனக்குத் தெரியாதா? இது வலது. புண்ணும் பழசு. ஈ மொய்க்குது." மூக்கை உயர்த்தி மோந்தது. பிறகு தாழ்ந்த குரலில் கேட்டது. "வலிக்குதா?"

இத்தனை நாளில் அந்தக் கேள்வியை ஒருவரும் அவளிடம் கேட்டிருக்கவில்லை. கேட்டது நரி. அது தன்னைத் தின்ன வந்த வாய் என்பதுகூட அந்தக் கணத்தில் நாச்சிக்கு மறந்துபோயிற்று. கண்ணை மறைத்துக்கொண்டு நீர் திரண்டது.

"வலிக்குது" என்றாள்.

அவள் வாயிலிருந்து அந்த உண்மை வந்தது அதுதான் முதல் தடவை.

"உன் பிள்ளைங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

நரி பாறையைத் திரும்பிப் பார்த்தது. அங்கே இரண்டு பறவைகள் அசையாமல் நின்றன. "அப்போ யாரும் வர மாட்டாங்க" என்றது. முட்டைகளை விட்டுவிட்டு அவளை நோக்கி நடக்கத் தொடங்கியது. ஓட்டுக்குள் இருக்கும் நாலு குஞ்சுகளைவிடக் கிழப்பறவை ஒன்றில் கறி அதிகம்.

நாச்சிக்கு இரண்டு விஷயம் ஒரே நேரத்தில் புரிந்தது. குஞ்சுகள் தப்பிக்கும். தான் தப்பிக்க வேண்டுமானால் தண்ணீருக்குப் போக வேண்டும். ஏரி வற்றிய விளிம்பில் சேறு இருந்தது. தன் எடையை அந்தச் சேறு தாங்கும், நரியின் எடையைத் தாங்காது.

ஓடினாள். தினமும் நடந்த வழிதான். ஒற்றைச் சிறகை அடித்து, மற்றதை இழுத்து, தத்தி, விழுந்து, எழுந்து ஓடினாள். நரி ஓடவில்லை. நடந்தே வந்தது. அதற்கும் வயதாகிவிட்டது, அவசரமும் இல்லை.

பாறையில் மருமகன் மெல்லிய குரலில் வியந்துகொண்டிருந்தான். நரியை இவ்வளவு நெருங்கவிட்டு அத்தை எப்போதும் நடித்ததில்லை என்றான். கிழநரியையே பேசவைத்து ஏமாற்றுகிறாரே என்றான். இப்போது எழும்புவார் பார், இப்போது பார் என்றான். பொன்னாள் அவனைச் சும்மா இருக்கச் சொன்னாள். ஓசை கேட்டால் நரியின் கவனம் கலைந்துவிடும்.

நாச்சி பாதி தூரத்தில் மல்லாந்து விழுந்தாள். விழுந்தபோது வானம் தெரிந்தது. வானத்தில் செங்கான் தெரிந்தான்.

முந்தைய நாள் பேசியது உறுத்தியதோ என்னவோ, அவன் காலையிலேயே தண்ணீரைத் தாண்டி வந்துகொண்டிருந்தான். மேலேயிருந்து எல்லாம் தெரிந்தது. நாச்சிக்குத் தொண்டை திறந்தது.

"செங்கா! இது நிஜம்டா! ஊரைக் கூப்பிடு!"

கல்பரப்பு முழுவதும் அந்தக் குரல் கேட்டது. பக்கத்துக் குடும்பங்கள் எல்லாம் தலையைத் திருப்பின. யாரும் எழவில்லை. நாச்சி கதறுவது அவர்களுக்குப் புதிதா? அவள் நடிக்கும்போது குறுக்கே போகக் கூடாது என்பதும் எல்லோருக்கும் தெரியும்.

பாறையில் மருமகன் சிறகைத் தட்டினான். "பேசவும் செய்யறாங்க!"

செங்கான் ஒரு வட்டம் அடித்தான். கீழே தாய் அக்காவின் முட்டைகளுக்காக மண்ணில் புரண்டுகொண்டிருந்தாள். தன் வீட்டுக்கு வர வெயிலாக இருக்கிறது என்றவள் அவள். "அக்கா வீட்டுக்குன்னா எவ்வளவு உருக்கம்" என்று மேலிருந்தே சொல்லிவிட்டு, வந்த வழியே திரும்பினான்.

அவன் நிழல் நாச்சியின் மேல் விழுந்து, நகர்ந்து, தண்ணீரின் மேல் போனது.

அவள் மறுபடியும் எழுந்து ஓடினாள். சேற்றின் ஈரம் காலில் பட்டது. அதற்கு மேல் போக முடியவில்லை, நரி எட்டிப் பிடித்துவிட்டது. இனிமேல் கத்தக் கூடாது என்று தோன்றியது. கத்தி என்ன ஆகப்போகிறது? பாறையிலிருந்து பார்த்தால் தான் தெரியாதபடி கோரைப்புல் மறைத்திருந்தது. அது அவளுக்கு ஆறுதலாக இருந்தது. முட்டை பொரிக்கும் நாளில் மகள் இதைப் பார்க்க வேண்டாம்.

கோரை இரண்டு முறை அசைந்தது. பிறகு அசையவில்லை.

பாறையில் இருவரும் காத்திருந்தார்கள். நரி கோரையிலிருந்து வெளியே வந்து, வந்த பக்கம் பார்க்காமல் பனங்காட்டுக்குள் போய்விட்டது. மருமகன் சந்தோஷமாக, நரி ஏமாந்து போகிறது என்றான். இருவரும் கூட்டுக்குத் திரும்பினார்கள். இரண்டு குஞ்சுகள் வெளியே வந்திருந்தன. மூன்றாவது ஓட்டை உதைத்துக்கொண்டிருந்தது. பொன்னாளுக்கு எதைப் பார்ப்பது என்று தெரியவில்லை.

வெயில் ஏறியது. ஈரம் வரவில்லை. அம்மா எங்கேயாவது உட்கார்ந்து பக்கத்து வீட்டாரிடம் பெருமை பேசிக்கொண்டிருப்பாள் என்று பொன்னாள் முணுமுணுத்தாள். இன்னும் கொஞ்சம் ஏறியது. குஞ்சுகள் வாயைத் திறந்து இளைத்தன. பொரியாமல் இருந்த கடைசி முட்டைக்குள் சத்தம் மெலிந்துகொண்டே வந்தது. அவள் எரிச்சலோடு கணவனைக் கூட்டில் நிற்கச் சொல்லிவிட்டுத் தானே தண்ணீருக்குப் பறந்தாள். நாலே சிறகடி. போய்விட்டாள்.

கோரையின் ஓரத்தில் வலச்சிறகு கிடந்தது. அது மட்டும்தான் கிடந்தது.

பொன்னாள் அதன் பக்கத்தில் இறங்கினாள். நரி கடித்த இடம் ஈரமாக இருந்தது. அதற்குச் சற்றுக் கீழே இன்னொரு காயம் இருந்தது. அது காய்ந்திருந்தது. எலும்பு கோணலாக ஒட்டி, முண்டாக வீங்கி, சுற்றியுள்ள இறகுகள் சீழில் ஒட்டிக் கருத்திருந்தன. அது இன்றைக்கு வந்த காயம் இல்லை. நேற்று வந்ததும் இல்லை. நாய் வந்த நாளிலிருந்து ஒவ்வொரு நாளாக அவள் நினைத்துப் பார்த்தாள். நடந்து வந்தது. நேரமானது. ஒத்திகை. சிறகு கொஞ்சம் சரியில்லை என்று பக்கத்தில் வந்து நின்றது.

வயிற்று இறகை நனைக்க வந்தவள் நனைக்காமலே நின்றாள். அவள் திரும்பிப் போனபோது கடைசி முட்டை ஓய்ந்துபோயிருந்தது.

மாலையில் செங்கான் வந்தான். அம்மாவிடம் கொஞ்சம் கடுமையாகப் பேசிவிட்டேன், கூட்டிப்போக வந்தேன் என்றான். பொன்னாள் அவனைக் கோரைக்கு அழைத்துப் போய்க் காட்டினாள்.

அவன் வெகுநேரம் பார்த்தான். "எனக்குக் கேட்டுது அக்கா" என்றான். "நிஜம்னு சொன்னா. எனக்குக் கேட்டுது."

பொன்னாள் அவனைத் திட்டவில்லை. அவனும் அவளை ஒன்றும் கேட்கவில்லை. கல்பரப்பில் மூன்று குஞ்சுகள் தாயைத் தேடிக் கத்தின. பொன்னாள் போக வேண்டியிருந்தது. அன்று முதல் அந்தக் குடும்பமும் நரியைக் கண்டால் மற்றவர்களைக் கூப்பிட்டது. ஏழெட்டுப் பறவைகள் வந்தன. கிழநரி காதை மடக்கிக்கொண்டு ஓடியது. அது அவ்வளவு எளிதாக இருந்ததுதான் பொன்னாளால் தாங்க முடியாததாக இருந்தது.

வலிக்கும்போது வலிக்கிறது என்று சொல்லாத பெற்றோரும், அதைக் கேட்க நேரமில்லாத பிள்ளைகளும், அன்பு இருந்தும் ஒருவரையொருவர் இழந்துவிடுவார்கள்.